ஆவுடை: ஒரு பெயரின் பிறப்பும் பொருளும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



மக்கள் வயிற்றுப் பிள்ளைகளைத் தமிழ் 'பெயரன்' என்றும் 'பெயர்த்தி' என்றும் அழைக்கிறது. பாட்டனின் பெயரைத் தாங்கியவன் பெயரன். பாட்டியின் பெயரைத் தாங்கியவள் பெயர்த்தி. ஒரு வழக்கம் உறவுச்சொல்லாகவே நிலைபெற்றுவிட்டமைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. ஆயினும் இவ்வழக்கத்திற்குள்ளேயே ஓர் இடர்ப்பாடும் இருந்தது. மாமியாரின் பெயரை மருமகள் தன் வாயால் சொல்லலாகாது என்னும் கட்டுப்பாடு நிலவிய வீடுகளில், பெயர்த்திக்குப் பாட்டியின் பெயரை இட்டபின், கூப்பிடுவதற்கென்று மற்றொரு பெயரையும் வைத்தனர். இட்ட பெயர் ஒன்றாகவும் அழைத்த பெயர் ஒன்றாகவும் ஆயின. பள்ளிப் பதிவேடு வந்தபோது அழைத்த பெயரே ஏட்டில் ஏறியது. பாட்டியின் பெயர் பாட்டியோடு நின்றது.

அவ்வாறு நின்றுபோகும் நிலையை எய்தியுள்ள பெயர்களுள் ஒன்று 'ஆவுடை' என்பது. ஆவுடையம்மாள், ஆவுடைத்தாய், ஆவுடைநாயகி, ஆவுடையாச்சி என்று நெல்லைச் சீமையில் வழங்கிவந்த பெயர் இது. சங்கரன்கோயில், தென்காசி, செங்கோட்டைப் பகுதிகளிலும், திருவேங்கடத்தைச் சூழ்ந்த கரிசல் ஊர்களிலும் வயதில் மூத்த பெண்களிடம் இப்பெயரை இன்றும் காணலாம். தொட்டிற் குழந்தைகளிடம் காண்பது அரிது. ஆண்பாலில் 'ஆவுடையப்பன்' என்பது ஓரளவு செல்வாக்குடன் வாழ்கிறது. 2006 முதல் 2011 வரை தமிழகச் சட்டப்பேரவைத் தலைவராக வீற்றிருந்தவர் நெல்லை மாவட்டத்தைச் சேர்ந்த இரா. ஆவுடையப்பன். பெண்பாற் பெயரோ மெல்ல மெல்ல மறைகின்றது. நெல்லைக்கு வெளியே இதனைக் கேட்போர் பொருள் யாது என வினவுகின்றனர். நெல்லைக்கு உள்ளேயும் இளைய தலைமுறையினர் அவ்வாறே வினவுகின்றனர்.

இப்பெயரின் பொருளை அறிவது சொல்லாராய்ச்சி என்னும் அளவில் மட்டும் நின்றுவிடுவதன்று. இப்பெயரைத் தாங்கிய பெண்பாவலர் ஒருவர் இம்மாவட்டத்து மண்ணில் தோன்றி, இம்மாவட்டத்து மலையில் மறைந்தவர். அவரைப் பற்றிய வாழ்க்கைக் குறிப்புகள் மிகச் சிலவே எஞ்சியுள்ளன. எஞ்சியவற்றுள் ஐயமின்றி நிற்பன இரண்டு: அவர்தம் பாடல்கள், அவர்தம் பெயர். பாடல்களைப் படிப்போர் உளர். பெயரைப் படித்தோர் குறைவு.

பெயரின் வடிவம்

ஆவுடை என்பது 'ஆ', 'உடை' என்னும் இரு சொற்களின் சேர்க்கை. ஆ என்பது பசுவைக் குறிக்கும் ஓரெழுத்தொருமொழி. நன்னூலார் தொகுத்துக் கூறும் நாற்பத்திரண்டு ஓரெழுத்தொருமொழிகளுள் அதுவும் ஒன்று. ஆ என்னும் உயிரீற்றின்முன் உடை என்னும் உயிர்முதற்சொல் வரும்போது இடையில் வகர உடம்படுமெய் தோன்றும், ஆவுடை என்றாகும்.

பெயரின் பொருளை 'ஆவி' என்னும் சொல்லிலிருந்து கொள்வாரும் உளர். ஆவியை, அதாவது உயிரை உடையாள் என்பது அவர்கள் கூறும் விளக்கம். கேட்பதற்கு இனிதாயினும் இலக்கணம் இதற்கு இடந்தராது. இகர ஈற்றின்முன் யகர உடம்படுமெய்யே வரும். ஆகவே ஆவி என்பதோடு உடை சேர்ந்தால் 'ஆவியுடை' என்றுதான் ஆகும். 

'உடை' என்பதிலும் மயக்கம் நேர்வதுண்டு. உடுக்கும் உடையும், கரிசல் நிலத்தில் முள்ளோடு நிற்கும் உடைமரமும், உடைத்தல் என்னும் வினையும் ஒரே ஒலியுடையன. இப்பெயரில் நிற்பது இவற்றுள் எதுவும் அன்று. உடைமைப் பொருளைத் தரும் உடை என்பதே இங்குள்ளது. வடிவுடை நாயகி என்னும் தொடரில் நிற்பதும் இதுவே. ஆக்களை உடையவள் ஆவுடையாள். அதன் சுருங்கிய வடிவம் ஆவுடை.

இலக்கண நோக்கில் மற்றொன்றும் கருதத்தக்கது. 'ஆவுடையாள்' என்பது குறிப்பு வினையாலணையும் பெயர். 'ஆண்டாள்' என்பது தெரிநிலை வினையாலணையும் பெயர். கண்ணின் அழகு, குரலின் இனிமை, கூந்தலின் கருமை ஆகியவற்றால் பெண்ணுக்குப் பெயர் அமைவது பெருவழக்கு. அங்கயற்கண்ணி கண்ணால் பெற்ற பெயர். குற்றாலத்து அம்மையின் குழல்வாய்மொழி என்னும் பெயர் குரலால் அமைந்தது. ஆண்டாள், ஆவுடையாள் என்னும் பெயர்களோ பெண்ணின் உறுப்பைச் சுட்டவில்லை. ஒன்று அவள் செய்த செயலைச் சொல்கிறது. மற்றொன்று அவள் கொண்ட உரிமையைச் சொல்கிறது. இவ்விரு பெயர்களையும் தாங்கிய இருவரும் பாவலர்களாக விளங்கியமை நினைந்து மகிழத்தக்கது.

கோமதியும் ஆவுடையும்

நெல்லைச் சீமையில் இப்பெயர் பரவுதற்குக் காரணம் சங்கரன்கோயில். சங்கரலிங்கர், சங்கரநாராயணர், கோமதியம்மை ஆகிய மூவர்க்கும் சந்நிதிகள் அமைந்த திருக்கோயில் அது. சங்கன், பதுமன் என்னும் இரு நாகர்கள் சிவன் பெரியவனா, திருமால் பெரியவனா என வாதிட்டதும், இருவரும் ஒருவரே என்பதைக் காண அம்மை புன்னைவனத்தில் தவமிருந்ததும் தலபுராணச் செய்திகள். அத்தவத்தின் நிறைவே ஆடித்தபசு. திருவேங்கடம் பகுதிக் கரிசல் மக்கள் ஆண்டுதோறும் கூட்டம் கூட்டமாகச் சென்று கண்டுவரும் பெருவிழா அது.

அம்மை தவமிருக்கப் புறப்பட்டபோது விண்ணுலகத்தார் ஆக்களின் வடிவங்கொண்டு உடன்வந்தனர் என்பது அப்புராண மரபு. ஆக்கள் சூழ நின்றமையின் அம்மைக்குக் கோமதி என்றும் ஆவுடையம்மை என்றும் இரு பெயர்கள் வழங்குகின்றன. இவ்விரு பெயர்களையும் அருகருகே வைத்து நோக்குவோர் மிகச் சிலர். அவ்வாறு நோக்கினால் ஒன்று மற்றொன்றுக்கு உரையாக விளங்குவது புலப்படும்.

கோமதி என்னும் பெயருக்கு மக்களிடையே வழங்கும் விளக்கம், கோ என்பது பசு, மதி என்பது நிலவு, ஆதலின் பசுக்களுக்குரிய நிலவு முகத்தாள் என்பதாகும். மதி என்னும் ஒலியைக் கேட்டதும் தமிழ்ச் செவிக்கு நிலவு நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் பெண்பாற் பெயர்களின் இறுதியில் நிற்கும் மதி ஒன்றன்று, மூன்று. வளர்மதி, வெண்மதி என்னும் பெயர்களில் இருப்பது நிலவைக் குறிக்கும் மதி. சுமதி என்பதில் இருப்பது அறிவைக் குறிக்கும் வடசொல். கோமதி, காந்திமதி, பானுமதி, இந்துமதி என்பவற்றில் இருப்பதோ தனிச்சொல்லே அன்று. 'உடையவள்' எனப் பொருள் தரும் வடமொழிப் பெண்பால் விகுதி. வடமொழியில் அதன் இறுதி நெடிலாக ஒலிக்கும். ஈகார ஈற்று வடசொல் தமிழில் இகர ஈறாகும் என்பது நன்னூல் கூறும் வடமொழியாக்க விதி. அவ்விதிப்படி நெடில் குறுகியபோது மூன்று மதியும் ஒலியால் ஒன்றாயின. புனிதவதி, குணவதி என்னும் பெயர்களில் உள்ள 'வதி' என்பதும் இவ்விகுதியின் மற்றொரு வடிவமே. காரைக்காலம்மையாரின் இயற்பெயராகிய புனிதவதி என்பதற்குத் தூய்மையுடையாள் என்பது பொருள்.

இதற்குச் சான்று வெளியே தேட வேண்டுவதில்லை, நெல்லையிலேயே உள்ளது. நெல்லையப்பர் திருக்கோயில் அம்மைக்குக் காந்திமதி என்பது ஒரு பெயர். வடிவுடையம்மை என்பது மற்றொரு பெயர். காந்தி என்பது ஒளி, அழகு. காந்திமதி அழகுடையாள், வடிவுடையாளும் அழகுடையாள். மதி நின்ற இடத்தில் தமிழ் 'உடை'யை வைத்திருக்கிறது. சங்கரன்கோயிலிலும் அவ்வாறே கோமதியில் மதி நின்ற இடத்தில் ஆவுடையில் உடை நிற்கிறது. ஒரே சீமையின் இரு பெருங்கோயில்களில் ஒரே முறையில் இரு பெயர்ச்சோடிகள் அமைந்திருப்பது தற்செயலாகாது. பெயரிட்டோர் இருமொழி இலக்கணமும் நன்கறிந்தவர்கள்.

இன்று திருமணமான பெண்ணின் பெயர்முன் சேர்க்கப்படும் 'திருமதி' என்பதும் இவ்விகுதி கொண்டதே. வடமொழியில் சிரீமதி என்பது திருவுடையாள் என்னும் பொருளது. முற்பகுதியைத் தமிழாக்கி, விகுதியை வடமொழியாகவே விட்டுவிட்டமையின் திருமதி என்னும் கலப்புச்சொல் தோன்றியது. திருவும் நிலவும் சேர்ந்தவள் எனப் பொருள் கூறுவோர்க்குச் சங்கரன்கோயிலும் நெல்லையும் விடை தருகின்றன.

கோமதி என்னும் பெயர் பாரத நாடெங்கும் ஆறுகளுக்கு வழங்குகிறது. இருக்கு வேதத்து நதித் துதியில் கோமதி என்னும் ஆறு இடம்பெறுகிறது. இலக்குமணபுரி எனப்படும் இலக்னோ நகரின் ஊடே ஓடிக் கங்கையில் கலப்பதும் ஒரு கோமதி. துவாரகையிலும் திரிபுராவிலும் கோமதிகள் உள்ளன. புல்லும் நீரும் பெருகி ஆநிரைகள் செழித்த ஆற்றங்கரை நிலத்தை எண்ணினால் ஆவுடைமை ஆற்றுக்குப் பெயரானமை எளிதில் விளங்கும். பெரிய ஆறு ஓடாத கரிசற் பகுதியில் அப்பெயர் அம்மைக்கு வாய்த்தது.

ஆ என்னும் செல்வம், ஆ என்னும் உயிர்

பசுவை உடைமை ஏன் பெருமையாகக் கருதப்பட்டது? பழந்தமிழர் வாழ்வில் ஆநிரையே அசையும் செல்வம். நிரைகவர்தல் வெட்சித்திணையாகவும், நிரைமீட்டல் கரந்தையாகவும் வகுக்கப்பெற்றமை, போரின் தொடக்கமே பசுக்களை முன்னிட்டது என்பதைக் காட்டும். 'மாடு' என்னும் சொல்லுக்குச் செல்வம் என்னும் பொருள் இருப்பதைத் திருக்குறள் கற்றோர் அறிவர். இலத்தீன் மொழியிலும் பணத்தைக் குறிக்கும் 'பெக்கூனியா' என்னும் சொல் கால்நடையைக் குறிக்கும் 'பெக்கு' என்பதிலிருந்தே பிறந்தது. எனவே ஆவுடையாள் என்பதன் முதற்பொருள் செல்வமுடையாள் என்பதாம்.

சைவ சித்தாந்தம் இச்சொல்லுக்கு மேலும் ஆழம் தந்தது. பதி, பசு, பாசம் என்னும் முப்பொருளுள் பசு என்பது உயிர். கட்டுண்ட உயிர்களெல்லாம் பசுக்கள் எனில், ஆக்களை உடையாள் என்பவள் உயிர்களையெல்லாம் உடையாள் ஆகிறாள். ஆவி என்னும் சொல்லால் இலக்கணம் தர மறுத்த பொருளைச் சித்தாந்தம் ஆ என்னும் சொல்லாலேயே தந்துவிடுகிறது.

பீடமாகிய பெயர்

ஆவுடை என்னும் சொல் ஒரு கல்லுக்கும் பெயர். சிவலிங்கத்தைத் தாங்கி நிற்கும் பீடத்தை ஆவுடையார் என்றும் ஆவுடையாள் என்றும் வழங்குவர். லிங்கம் மூன்று பகுதிகளை உடையது. நிலத்தினுள் மறைந்து நிற்கும் நாற்கோணப் பகுதி பிரமனுக்கும், பீடத்தினுள் பொருந்தி நிற்கும் எண்கோணப் பகுதி திருமாலுக்கும், மேலே காணப்படும் வட்டப் பகுதி உருத்திரனுக்கும் உரியன என்பது ஆகம மரபு. ஆவுடையார் தன்னுள் அணைத்து நிற்பது திருமாலுக்குரிய பகுதியை. தன்மேல் ஏந்தி நிற்பது சிவனுக்குரிய பகுதியை. அரியும் அரனும் ஒன்றென்று காணத் தவமிருந்த அம்மைக்கும், இருவரையும் ஒருங்கே தாங்கும் பீடத்திற்கும் பெயர் ஒன்றாக இருப்பது எண்ணி இன்புறத்தக்க பொருத்தம்.

இப்பீடத்தின் பெயராலேயே ஓர் ஊர் விளங்குகிறது. புதுக்கோட்டை மாவட்டத்து ஆவுடையார்கோயில், பழந்திருப்பெருந்துறை, மாணிக்கவாசகர் ஆட்கொள்ளப்பெற்ற தலம். அங்குக் கருவறையில் ஆவுடையார் மட்டுமே உண்டு. அதன்மேல் லிங்கத் திருமேனி இல்லை. அம்மை யோகாம்பாளுக்கும் உருவம் இல்லை, திருவடிகளே வழிபடப்பெறுகின்றன. புழுங்கலரிசிச் சோற்றைப் படைகல்லில் பரப்பி, அதினின்று எழும் ஆவியையே நிவேதனமாகக் கொள்வது அத்தலத்து முறை. தாங்கப்படும் பொருள் கண்ணுக்குத் தோன்றாத நிலையிலும் தாங்கும் பொருள் நிற்கிறது. வருவோர் வழிபடுவது அதனையே.

ஆக, செல்வத்தை உடையாள், உயிர்களை உடையாள், இறைமையைத் தாங்குவாள் என மூன்று பொருள்கள் ஒரு பெயருக்குள் அடுக்கடுக்காக அமைந்துள்ளன. இம்மூன்றையும் மனத்திற்கொண்டு செங்கோட்டைக்குச் செல்லுதல் வேண்டும்.

பெயரைத் தாங்கிய பாவலர்

செங்கோட்டை ஆவுடையக்காள் அந்தணர் குலத்தில் பிறந்து, அறியாப் பருவத்தில் மணமுடிக்கப்பெற்று, அறியாப் பருவத்திலேயே கணவனை இழந்தவர். தஞ்சைப் பகுதித் திருவிசநல்லூரில் வாழ்ந்த சிரீதர அய்யாவாள் என்னும் பெரியாரை ஆசானாகக் கொண்டார். தஞ்சை மராட்டிய மன்னர் சாகஜி (1684 - 1712) காலத்தவர் அய்யாவாள். அம்மன்னரைத் தலைவராகக் கொண்டு சாகேந்திர விலாசம் என்னும் வடமொழிக் காவியம் இயற்றியவர். அக்காளின் காலமும் அதனை ஒட்டியதே எனக் கொள்ளலாம். உபதேசம் பெற்ற கைம்பெண்ணை ஊர் ஏற்கவில்லை என்றும், விலக்கி வைத்தது என்றும், பல தலங்களுக்கும் சென்றபின் அவர் மீண்டுவந்தார் என்றும் வாய்மொழி மரபு கூறுகிறது.

அக்காலத்துக் கைம்பெண்ணுக்கு உடைமை என்று யாது இருந்தது? பிறந்த வீட்டில் பங்கில்லை. புகுந்த வீட்டில் இடமில்லை. பூவும் பொட்டும் கூந்தலும் பறிக்கப்பட்டன. மங்கல நிகழ்ச்சிகளில் முன்னிற்க உரிமையில்லை. திருவுடையாள் என்னும் பொருள்தரும் அடைமொழிக்கு அவள் அயலாள். அவ்வாறு எல்லா உடைமையும் நீக்கப்பெற்ற ஒரு பெண்ணிடம் நீக்க இயலாததாக எஞ்சி நின்றது, 'உடை' என முடியும் அவர் பெயர்.

அப்பெயரின் பொருளை அவர் வேறொரு வழியில் மெய்யாக்கினார். அத்துவித வேதாந்தத்தை, வடமொழி கற்க வாய்ப்பில்லாத பெண்களின் வாய்க்கு எட்டும்படி வீட்டுத் தமிழில் பாடினார். சூடாலைக் கும்மி, வேதாந்தப் பள்ளு, பண்டிதன் கவி, வேதாந்த ஆச்சே போச்சே ஆகிய நூற்பெயர்களே அவர்தம் போக்கை உணர்த்தும். கும்மியும் அம்மானையும் பள்ளும் குறவஞ்சியும் மக்கள் அறிந்த பாட்டு வடிவங்கள். அவர் காலத்தை ஒட்டியே மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சியைப் பாடினார் என்பதும் ஈண்டு நினையத்தக்கது. கவிராயரின் குறத்தி மலைவளமும் காதலும் கூறினாள். அக்காள் அவ்வடிவத்தைக் கொண்டு தன்னையறியும் வழியைக் கூறினார். எச்சில் என்றும் தீட்டு என்றும் பெண்ணை ஒதுக்கிவைக்கும் வழக்கங்களை, உடலின் இயல்பையும் ஆன்மாவின் தூய்மையையும் காட்டி அவர் வினவிய வினாக்கள் இன்றும் கூர்மழுங்காதவை.

இப்பாடல்கள் நெடுங்காலம் அச்சேறவில்லை. நெல்லைச் சீமை அந்தணர் இல்லங்களில் பெண்கள், சிறப்பாகக் கைம்பெண்கள், வாய்ப்பாடமாகவும் கையேடுகளிலும் அவற்றைக் காத்துவந்தனர். அடுப்படியிலும் முற்றத்திலும் ஒருத்தி பாட மற்றொருத்தி கேட்டுப் பயின்றாள். மரபுவழிப் பாடசாலைகளில் ஆண்கள் வேதம் காத்ததுபோல வீட்டினுள் பெண்கள் வேதாந்தம் காத்தனர் எனலாம். 1918 முதல் 1920 வரை கடையத்தில் வாழ்ந்த பாரதியார் செவிகளிலும் அக்காளின் பாடல்கள் விழுந்திருத்தல் கூடும் எனக் கருதும் ஆய்வாளர் உளர். பின்னாளில் கோமதி ராஜாங்கம் போன்றோர் அப்பாடல்களைத் தேடித் தொகுப்பதில் ஈடுபட்டனர். ஆவுடையின் பாடல்களைத் தேடியவரின் பெயர் கோமதி என அமைந்தமை நெல்லைப் பெயர்மரபின் இனிய விளைவு. 2002-ஆம் ஆண்டில் ஞானானந்த நிகேதனம் பாடல் திரட்டினை நூலாக வெளியிட்டது. 2012-ஆம் ஆண்டில் காஞ்சனா நடராஜனின் ஆங்கில மொழிபெயர்ப்பும் ஆய்வும் வெளிவந்து அக்காளின் பெயர் கடல் கடந்தது.

பெயரோடு சேர்ந்த 'அக்காள்' என்பதும் நோக்கற்பாலது. கைம்பெண்ணைப் பெயர் சொல்லி அழைப்பதையே தவிர்த்த காலத்தில், அவர்தம் பெயர் உறவுச்சொல்லோடு சேர்ந்து நிலைத்தது. புனிதவதி அம்மையார் ஆனார். கன்னட நாட்டு மகாதேவி அக்கா ஆனார். செங்கோட்டை ஆவுடை அக்காள் ஆனார். காரைக்காலில் இயற்பெயர் பின்தங்கிச் சிறப்புப்பெயர் முன்வந்தது. செங்கோட்டையில் இயற்பெயரும் உறவுப்பெயரும் இணைந்தே நின்றன. அவரைப் பாடிய பெண்கள் அவரை எட்டாத உயரத்தில் வைக்கவில்லை; தம் வீட்டு மூத்தவளாகவே கொண்டனர்.

ஓர் ஆடி அமாவாசை நாளில் அக்காள் குற்றாலத்து அருவியில் நீராடி, மலைமேல் ஏறிச் சென்றார். மீண்டு வரவில்லை என்பது மரபு. அவருக்குச் சமாதி இல்லை. உருவத்தைக் காட்டும் ஓவியமும் அக்காலத்தது இல்லை. நாமமும் உருவமும் நிலையற்றன என்பது அவர் பாடிய வேதாந்தம். உருவம் குற்றால மலையில் மறைந்தது. நாமத்தைப் பெண்கள் விடவில்லை. திருப்பெருந்துறையில் லிங்கம் காணப்படாத நிலையில் ஆவுடையார் நிற்பதுபோல, ஆளைக் காணாத நிலையில் ஆவுடை என்னும் பெயர் பாடல்களைத் தாங்கி நிற்கிறது.

பெயர் வாழ வேண்டும்

இன்று அப்பெயர் வாழுமா என்பதே வினா. திருக்கோயில்களில் இணைந்து வழங்கும் இருமொழிப் பெயர்களுள், மக்கட்பெயராகப் பெரிதும் வாழ்வது பெரும்பாலும் வடமொழிப் பாதியே. மீனாட்சிகள் பலர், அங்கயற்கண்ணிகள் சிலர். கோமதிகள் பலர், ஆவுடைகள் சிலர். குற்றாலம் இதற்கு விலக்காக, குழல்வாய்மொழி என்னும் தமிழ்ப்பெயரையே மக்கள் வாயில் நிலைநிறுத்தியிருக்கிறது. ஆவுடை மறைந்தால் கோமதிக்கு ஏதும் குறையில்லை எனத் தோன்றலாம். உண்மையில் குறை உண்டு. ஆவுடை என்னும் உரை அழிந்தால் கோமதி என்னும் மூலம் விளங்காது. பசுவும் நிலவும் என்னும் பொருந்தாப் பொருளே எஞ்சும்.

இக்காலத்தில் குழந்தைக்குப் பெயரிடுவோர் ஒலியின் புதுமையை நாடுகின்றனர். அதனைக் குறைகூறிப் பயனில்லை. ஒவ்வொரு காலமும் தனக்குரிய பெயர்களைப் படைத்துக்கொள்ளும். ஆயினும் பழமை நாறுகிறது என்று ஆவுடையம்மாள்கள் தம் பெயரைச் சொல்லக் கூசும் நிலை வந்திருப்பது வருந்தத்தக்கது. கேலி செய்வோர்க்கு விடைசொல்ல அவர்களுக்குப் பெயரின் பொருள் தெரிந்திருக்க வேண்டும். அதனைத் தெரிவிக்கும் கடமை தமிழ் கற்றோருடையது, பாவலருடையது.

அதனினும் விரைந்து செய்ய வேண்டிய பணி ஒன்றுண்டு. செங்கோட்டை 1956 நவம்பர் முதல் நாள்வரை திருவிதாங்கூர் நாட்டோடும் அதன்பின் அமைந்த திருவாங்கூர்-கொச்சி மாநிலத்தோடும் இருந்தது; பின்னர்ச் சென்னை மாநிலத்து நெல்லை மாவட்டத்தோடு சேர்ந்தது; 2019 நவம்பர் முதல் தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது. எல்லைகள் மாறிய காலமெல்லாம் அக்காளின் பாடல்களைக் காத்தவை பெண்களின் நினைவும் கையேடுகளும். அச்சில் வராத கண்ணிகளும், அச்சில் வந்தவற்றின் பாடவேறுபாடுகளும், அவை பாடப்பெற்ற மெட்டுகளும் இன்னும் முதியோர் சிலரின் நினைவில் இருத்தல் கூடும். நூல் சொல்லைத் தரும், மெட்டைத் தராது.

பத்தாண்டுகளாகத் திங்கள்தோறும் கூடிக் கவிதை படிக்கும் இவ்வட்டத்தின் உறுப்பினர்கள், பதினோராம் ஆண்டில் ஒரு குறிப்பேட்டினைத் தொடங்குதல் நன்று. திருவேங்கடத்தைச் சூழ்ந்த ஊர்களில் எண்பது வயதைக் கடந்த பெண்களின் பெயர்களை, அப்பெயர் யாரிடமிருந்து வந்தது என்னும் செய்தியோடு எழுதிவைக்கலாம். அவர்கள் பாடும் கும்மியையும் தாலாட்டையும் மெட்டோடு ஒலிப்பதிவு செய்யலாம். பணச்செலவு மிகுதியாக வேண்டாத பணி. பொறுமையும், முதியோரிடம் அமர்ந்து கேட்கும் பணிவும் இருந்தால் போதும்.

அப்பணியில் ஈடுபடுவோர் ஏதேனும் ஓர் ஊரில், பெயர் கேட்டதும் சற்றே தயங்கி, "அது பழைய காலத்துப் பேரு" என்று சொல்லும் ஆவுடையம்மாள் ஒருவரைக் காணக்கூடும். அவரிடம் அப்பெயரின் பொருளை முதலில் எடுத்துச் சொல்லுங்கள். பாடல்களைப் பின்னர்க் கேட்கலாம்.